தாய்மாமன் சீராக ஒரு பழைய டீசல் கார்

1

போன ஆயுத பூஜை அன்று என் தங்கை மகளுக்கு ஒரு கார் சீர் கொடுத்தேன். இந்த ஆயுத பூஜைக்கு அந்தக் கார் இல்லை. நசுக்கிச் சதுரமாக்கி எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். நடுவில் நடந்ததை ஊரில் நீங்கள் பலவிதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாதிக்கு மேல் என் தங்கை வசந்தா சொன்னதாக இருக்கும். அவள் சொன்னதெல்லாம் நான் அவளிடம் சொன்னது. ஆகையால் அதில் உள்ள பொய் என்னுடையது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: வெண்ணந்தூர்ப் பக்கம் பிறந்தவன். சேலத்தில் பொறியியல் படித்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்தேன். ஒரு நகரத்தின் குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மனைவி கமலம். ஒரே மகன் கார்த்தி. திருமணமாகி, இதே நாட்டில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறான். எழுபதைத் தாண்டியாயிற்று. காலையில் மாத்திரை, மாலையில் நடை, நடுவில் அரசாங்கத்தைத் திட்டுவது என்று நாள் போகிறது.

திட்டுவதற்குக் கார் வரி போல வசதியான விஷயம் வேறு இல்லை. இங்கே கார் வரியை, காரின் குழாயிலிருந்து எவ்வளவு கரியமில வாயு வருகிறது என்று பார்த்துப் போடுகிறார்கள். நான் அந்த டீசல் காரை வாங்கியபோது, டீசலில் கரியமில வாயு குறைவு, வரியும் குறைவு, வாங்குங்கள் என்று அரசாங்கமே முதுகில் தட்டிக்கொடுத்தது. வாங்கினோம். சில வருடங்கள் கழித்து, டீசலில் அந்த வாயு குறைவுதான், ஆனால் வேறு நஞ்சு அதிகம், குழந்தைகளின் நுரையீரலுக்கு ஆகாது என்றார்கள். அதுவும் உண்மைதான். அதன் பிறகு பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் வரி ஏறியது. போதாததற்கு எங்கள் நகராட்சி, நகரத்தின் நடுப்பகுதியைச் சுற்றி ஒரு எல்லை போட்டு, தெருவுக்குத் தெரு பலகை நட்டது. பலகையில் ஒரு மேகம் வரைந்திருக்கும். அந்த மேகத்தைத் தாண்டிப் பழைய டீசல் கார் உள்ளே போனால், போகிற ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம். காமிரா படம் எடுத்துக்கொள்ளும். கட்ட மறந்தால் அபராதம் தபாலில் வரும்.

என் வீடு மேகத்துக்கு இந்தப் பக்கம். கோயிலும் முருங்கைக்காய் விற்கும் கடையும் அந்தப் பக்கம். சாமியைப் பார்க்க ஒரு கட்டணம், சாம்பாருக்கு ஒரு கட்டணம்.

2

இந்த வரியை ஜனங்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று சிரித்துக்கொண்டே வரி கட்டுவார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஊருக்கு வரும்போதெல்லாம் நானும் அப்படித்தான் அளந்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு டெரிக், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். வேலிக்கு மேல் தலையை நீட்டி என்னிடம் சொன்னார்: "ஆயுள் முழுக்க பஸ் ஓட்டினேன். அந்த பஸ் விட்ட புகையில் எதிரே வருபவன் முகம் தெரியாது. அதற்கு எனக்குப் பதக்கம் கொடுத்தார்கள். இப்போது என் சின்னக் காருக்கு வரி கேட்கிறார்கள்." சொல்லிவிட்டு, வரி கட்டாத அந்தக் காரை வாசலிலேயே நிறுத்தி, வாரம் ஒருமுறை உட்கார்ந்து இன்ஜினை மட்டும் அரை மணி நேரம் ஓடவிடுவார். பேட்டரி இறங்கக் கூடாதாம். அந்தப் புகை எங்கள் சமையலறைக்கு வரும். வாசலுக்கு உள்ளே விடும் புகைக்கு வரி இல்லை.

எங்கள் தமிழ்ச் சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. வரி ஏறுவதைக் கண்டிக்க ஒவ்வொரு குடும்பமும் தனித்தனிக் காரில் வந்தது. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு காரில் வந்த குடும்பமும் உண்டு. குளிர் தாங்காமல் வெளியே சிலர் காரை நிறுத்தாமல் ஓடவிட்டு, அதற்குள் உட்கார்ந்து தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். அந்த மேகப் பலகையைப் பற்றி நான் மைக்கைப் பிடித்து நெடுநேரம் பேசினேன். எந்தத் தெருவில் எல்லை தொடங்குகிறது, எந்தக் காருக்கு விலக்கு, கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கி, இது ஏழைகளின் மேல் விழும் அடி என்று முடித்தேன். நல்ல கைதட்டல். கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. பிறகு பிரியாணி.

நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் என் பள்ளித் தோழன் செங்கோடனிடம் இதைப் போனில் சொன்னேன். அங்கே பழைய வண்டிகளுக்குப் பசுமை வரி, புதுப்பிக்கும் கட்டணம் என்று அவனுக்கும் தலைவலி.

"ஏப்பா, வரி போட்டா அத நாம கட்டறதுக்குன்னா நெனச்சுக்கிட்டிருக்கற?" என்றான். "ரெண்டு வாரம் டீக்கடையில பேசுவோம். சங்கத்துல ஸ்ட்ரைக்குன்னு சொல்லுவோம். அப்பறம் வாடகையில ஏத்தி உட்டுருவோம். கோழிப்பண்ணைக்காரரு முட்டை வெலையில ஏத்திருவாரு. கடைசீல கேரளாவுல எவனோ ஆம்லெட் திங்கறான் பாரு, அவன் கட்டறான்."

"அவன் யார் மேல ஏத்தறது?"

"அதெனக்கு எப்புடிப்பா தெரியும்? எனக்குக் கீழ ஆளு இருக்கற வரைக்கும் எனக்குக் கவலையில்ல."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எனக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று அன்றைக்கே தேட ஆரம்பித்துவிட்டேன் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் பக்கத்தில் புகை ஒரு கௌரவம். கிணற்று மேட்டில் டீசல் இன்ஜின் கரும்புகை கக்கினால், அந்தத் தோட்டத்தில் தண்ணீர் பாய்கிறது, அந்த வீட்டில் காசு இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த தோட்டத்துப் புகையை விட எங்கள் புகை தடிமனாக இருக்க வேண்டும் என்று என் அப்பா இன்ஜினில் எதையோ திருகுவார். அந்தப் பரம்பரையில் வந்தவனிடம் போய் என் மகன், "அப்பா, உங்க கார் ரொம்பப் புகை பிடிக்குது. டாக்டர்கிட்ட காட்டாதீங்க, கொன்னுடுங்க" என்றான். அவன் தமிழ் அப்படித்தான். காரை உடைக்கக் கொடுத்துவிடச் சொல்கிறான் என்று கமலம்தான் எனக்கு மொழிபெயர்த்தாள். உலகம் சூடாவதைப் பற்றி மூச்சு விடாமல் பேசுவான் கார்த்தி. வருடத்துக்கு மூன்று முறை விமானமேறிச் சூடான கடற்கரைகளுக்குப் போவான்.

அவன் வற்புறுத்தலில் ஒரு சின்ன மின்சாரக் கார் வாங்கினேன். பழைய டீசலை என்ன செய்வது என்பது மட்டும் நின்றது. விற்கப் போனால் யாரும் விலை சொல்லவில்லை. உடைக்கக் கொடுக்க மனம் வரவில்லை. வாசலில் நின்றாலும் அதற்கு ஏதாவது ஒரு செலவு.

3

அந்த வருடம்தான் வசந்தாவின் மகள் சுமதி இங்கே வந்து சேர்ந்தாள். முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை. எழுப்பி, குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, கஞ்சி போலொன்றைக் கிண்டிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். அவள் கணவனுக்கு ஒரு கிடங்கில் இரவு வேலை. என் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தார்கள். இந்த வேலைக்குக் கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். சொந்தக் கார் இருந்தால் நல்லது என்று கம்பெனி சொல்லியிருந்தது.

சுமதியின் திருமணத்துக்கு நான் போகவில்லை. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் என்றால், கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே பெண்ணின் அம்மாவுக்கு வயது கூடிவிடும். முழங்கால் வலி என்று சொன்னேன். வலி இருந்தது, பயணம் போக முடியாத வலி இல்லை. வங்கி வழியாகப் பணம் அனுப்பினேன். பந்தியில் யாரோ, "மாமன் சீரு பேங்குலயே வந்து, பேங்குலயே எறங்கிக்கிச்சாட்ட இருக்குது" என்றதாகக் கேள்வி. வசந்தா அதை என்னிடம் சொல்லவே இல்லை. செங்கோடன் சொன்னான்.

ஆக, என் வாசலில் தள்ளிவிட வேண்டிய ஒரு கார். மூன்றாம் மாடியில் கார் தேவைப்படும் தங்கை மகள். கழுத்தில் தொங்கும் ஒரு பழைய குறை. பொறியாளன் மூளை மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்தியது.

ஆயுத பூஜை அன்று அதைச் செய்தேன். காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஏழு தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, புடவை, வேட்டி, இனிப்பு எல்லாம் அடுக்கி, ஏழாவது தட்டில் சாவி. மேளத்துக்கு எங்கே போவது? கமலத்தின் போனில் நாதஸ்வரம் ஓடவிட்டோம். வெண்ணந்தூரில் வசந்தா வீடியோவில் பார்த்துக்கொண்டே அழுதாள். சுமதியும் மாப்பிள்ளையும் ஈரத் தரையில், காருக்கு முன்னால், என் காலில் விழுந்து கும்பிட்டார்கள்.

"எதுக்குங் மாமா இவ்வளவு பெரிசா?" என்றாள் சுமதி.

"தாய்மாமன் இருக்கறது எதுக்கு, சாமி?" என்றேன்.

அப்போது டெரிக் வேலிக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார். "கெட்டிக்காரன்" என்றார். சீர் என்றால் என்னவென்று தெரியாத ஒரே மனிதருக்குத்தான் அன்று நடந்தது சரியாகப் புரிந்தது.

அந்த நிகழ்ச்சியைப் பற்றி இந்தப் பத்திரிகையிலேயே உருகி உருகி எழுதினேன். கடல் கடந்தாலும் உறவு கடக்காது என்பது போல ஒரு வரி இருந்தது. வாசகர்கள் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். மேகப் பலகையைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. சுமதியிடமும் நான் ஒரு சொல் சொல்லவில்லை.

ஏன் அவளால் அந்தக் காரை வேண்டாம் என்று சொல்ல முடியாது என்பதை இளைஞர்களுக்காக எழுதிவிடுகிறேன். எங்கள் குடும்பங்களில் மாமன் சீராக வந்த பொருளை விற்க மாட்டார்கள், திருப்பித் தர மாட்டார்கள், குறை சொல்ல மாட்டார்கள். திருப்பித் தந்தால் உறவே வேண்டாம் என்று சொன்னதாக ஆகும். வசந்தாவின் கல்யாணத்துக்கு எங்கள் மாமன் வைத்த பித்தளை அண்டா எப்போதோ அடியில் விரிசல் விட்டது. இன்றைக்கும் அதைத் துடைத்து வைத்திருக்கிறாள். தண்ணீர் மட்டும் பிளாஸ்டிக் டிரம்மில்.

4

மார்கழியில் ஒரு விடியற்காலை. பூஜைக்காகக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் புதுக் கார் சத்தமில்லாமல், கட்டணமில்லாமல், நல்ல மனிதனைப் போல மேகப் பலகையை நோக்கிப் போயிற்று. மழை. பலகைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சந்தில், என் பழைய டீசல் நின்றுகொண்டிருந்தது. முன் கண்ணாடியின் உட்பக்க மேல் மூலையில் குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது.

பலகையைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனதும், நடைபாதையில் ஒரு பெண் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் போவது தெரிந்தது. மேல் கோட்டுக்குக் கீழே நீலச் சீருடை. கையில் பெரிய பை. நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.

"சாமி, வண்டி நின்னு போச்சா?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "இல்லீங் மாமா. வண்டி நல்லாத்தான் ஓடுது."

"அப்பறம் ஏன் நடக்கற?"

"சும்மாத்தானுங். நடந்தா ஒடம்புக்கு நல்லதுன்னு சொன்னாங்க."

"இந்த மழையிலயா? ஏறு."

போனில் மணியைப் பார்த்தாள். ஏறிக்கொண்டாள். அவள் பையிலிருந்து என் புது சீட்டில் தண்ணீர் சொட்டியது. துடைக்கப் போனாள். வேண்டாம் என்றேன். முகவரி சொன்னாள். ஓட்டினேன். கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

முதல் மாதம் அவளுக்கு எதுவும் தெரியாது. மேகத்துக்கு அந்தப் பக்கம்தான் அவள் பார்க்க வேண்டிய பெரியவர்களில் பாதிப் பேர். தினமும் உள்ளே போய் வந்தாள். பிறகு அபராதம் தபாலில் வந்தது. அடுக்கடுக்காக வந்தது. கணவனின் சம்பளத்தில் அதைக் கட்டி முடித்துவிட்டு, அன்று முதல் காரை எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்கிறாள். நாள் கட்டணத்தைக் கட்டினால், காலையில் முதல் சில வீடுகளுக்குச் செய்யும் வேலை அதற்கே சரியாகப் போய்விடும்.

"நடந்து போய்ச் சேர நேரமாயிருதுங் மாமா. ஒவ்வொரு ஊட்டுலயும் போனதும் போன்ல அமுத்தோணும். லேட்டுன்னா ஆபீசுல தெரிஞ்சுரும். ஏற்கெனவே கூப்பிட்டு எச்சரிக்கை பண்ணிட்டாங்க. இன்னும் இப்புடியே போனா வேற ஆளப் பாத்துக்கறோங்கறாங்க."

வேலை போனால் விசாவும் போகும். அதை அவள் சொல்லவில்லை. இருவருக்கும் தெரியும்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா, கண்ணு?"

"சீரு குடுத்த மாமங்கிட்ட சீரு சரியில்லைன்னு எப்புடிங் மாமா சொல்றது?" என்றாள். "அம்மா வேற, எங்கண்ணன் சீமையில காரு சீரு வெச்சாருன்னு வெண்ணந்தூருல ஒரு ஊடு பாக்கியில்லாம சொல்லி வெச்சிருக்குது. நான் இதக் கொண்டுபோயி ஒடைக்கப் போட்டேன்னு தெரிஞ்சா அதுக்கு மூச்சே நின்னுரும்."

தலையிலிருந்த ஈரத் துணியை எடுத்து மடித்தாள். பிறகு கேட்டாள்:

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுதானுங் மாமா, இந்தப் பலகைச் சமாச்சாரம்?"

இந்த இடத்தை எழுதத்தான் இத்தனை மாதம் ஆயிற்று. அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நான் வெளியே வருவதற்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தலை குனிந்து அதன் வழியாக வெளியே வந்துவிட்டேன்.

"தெரியாது சாமி" என்றேன்.

"அதான. தெரிஞ்சா குடுத்திருப்பீங்களா" என்றாள். இறங்கி ஓடினாள்.

கோயிலுக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பிக் கமலத்திடம் சொன்னேன். தோசைக் கரண்டியோடு திரும்பினாள்.

"என்னன்னு சொன்னீங்க?"

"தெரியாதுன்னு."

"தெரியாதா? சங்கத்துல மைக்கப் புடுங்க ரெண்டு பேரு வந்தும் உடாம அந்த மேகத்தப் பத்திப் பேசுனீங்களே, அது யாருங்க?"

"பதட்டத்துல வந்துருச்சு."

"வராது. உங்களுக்குப் பதட்டத்துல நெசம்தான் வராது" என்றாள்.

5

கமலம் ஒரு வழி சொன்னாள்: மின்சாரக் காரைச் சுமதிக்குக் கொடுத்துவிடலாம். அன்று மாலையே போய்ச் சொன்னேன். சுமதி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். "இன்னொரு சீரா? வேண்டாமுங் மாமா. ஒண்ணுக்கே முடியல." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு மாப்பிள்ளை ஜன்னலைத் திறந்து கீழே காட்டினார். மூன்றாம் மாடி. கீழே தெரு. காரைக் கொண்டுவந்து நிறுத்தினால் மின்சாரம் ஊட்ட ஒரு இடம் இல்லை. புகையில்லாத கார் வாங்கச் சொல்லும் அரசாங்கம், வாசல் உள்ள வீட்டுக்காரனை மனதில் வைத்துத்தான் பேசுகிறது. என்னைப் போன்றவனை.

பழைய காரையாவது தலைமுழுகலாம் என்றேன். நிற்கிற இடத்துக்கும் செலவு, வருட வரியும் வருகிறது. "அம்மா சொல்லட்டுமுங் மாமா. அம்மா சொல்லாம நான் அதத் தொட மாட்டேன்" என்றாள். அந்த வாரக் கடைசியில் வெள்ளிக்கிழமை கம்பெனியில் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். கடைசிப் பேச்சு என்றார்கள்.

வசந்தாவைக் கூப்பிட்டேன். பக்கத்துக் கூடத்தில் தறி ஓடும் சத்தத்துக்கு மேல் அவள் குரல் வந்தது.

"அண்ணா! உன்னத்தான் நெனச்சேன். காரு போட்டோவ ராசிபுரத்துல பெரிசு பண்ணி மாட்டியிருக்கேன். நேத்து கூட வாழப்பாடியிலிருந்து ஒறம்பரையா வந்த சொந்தக்காரங்க, மாமன்னா இப்புடி இருக்கோணும்னாங்க."

"வசந்தா, கொஞ்சம் சத்தமில்லாத எடத்துக்குப் போ."

போனாள். சொன்னேன். வரியிலிருந்து ஆரம்பித்தேன், பலகைக்கு வந்தேன், சுமதி மழையில் நடப்பதைச் சொன்னேன், அவளிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். சங்கத்தில் பேசுவது போல நீளமாகப் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

"அப்ப, உனக்கு ஆகாதத என்ற மவளுக்குக் குடுத்திருக்கற."

"ஆமா."

"தேங்கா பழத்தோட."

"ஆமா வசந்தா."

"மேளம் மட்டுந்தான் இல்ல."

"போன்ல போட்டோம்."

"ஆமாமா. கேட்டுச்சு."

அவள் எதையோ இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"கல்யாணத்துக்கு வரலீன்னு நான் உன்னை ஒரு வார்த்த கேட்டனாண்ணா?"

"இல்ல."

"கேட்டிருக்கோணும். கேட்டிருந்தா திட்டு வாங்கிட்டுப் போயிருப்ப. கேக்காம உட்டதுல நீ காரு குடுத்துட்ட."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அந்தக் கார ஒடைக்கச் சொல்லு. நானே அவளுக்கு இப்பப் போன் பண்ணிச் சொல்றேன். இரும்புதான, போயிட்டுப் போகுது. என்ற மவ மானமா வேல பாத்துட்டு அங்க நிக்கோணும், அவ்வளவுதான். ஆனா ஊருக்குச் சீருன்னு சொன்னது நானு. சீரில்லைன்னு நான் சொல்ல மாட்டேன். பத்திரிகையில பெரிசா எழுதுனயே, அதே பத்திரிகையில நீ எழுது. நான் படிச்சுக் காட்டறேன் எல்லாத்துக்கும்."

"எழுதறேன்."

"அழகா எழுத வேண்டாம். நெசத்த எழுது."

மாதா மாதம் கேட்பாள்: எழுதிட்டியாண்ணா? கண் சரியில்லை என்பேன். கை நடுங்குகிறது என்பேன். முழங்காலை மட்டும் சொல்லவில்லை.

ஆகவே வெண்ணந்தூர், ராசிபுரம், வாழப்பாடியில் உள்ள உறவினர்களுக்கு: அந்தக் கார் சீர் இல்லை. எனக்கு வரி ஏறியது. அதை நான் என் தங்கை மகளின் மேல் ஏற்றி வைத்தேன். அது அவளை எங்கெல்லாம் தடுக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். தெரியாது என்று அவளிடம் சொன்னதும் பொய்.

6

காரை உடைக்கக் கொடுத்த அன்று சுமதி என்னை வர வேண்டாம் என்றுவிட்டாள். மாப்பிள்ளையோடு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

மின்சாரக் காரில் தினமும் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமைப் பேச்சில் கம்பெனிக்காரம்மா கேட்டிருக்கிறார்: நம்பகமான வாகனம் இருக்கிறதா? இருக்கிறது, மின்சாரக் கார், டிரைவரும் இருக்கிறார் என்றிருக்கிறாள் சுமதி. அந்தம்மாவிடம் டிரைவர் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றாராம். மாதங்கள் போயின. இப்போது யாரும் அவளை எதற்கும் கூப்பிடுவதில்லை.

கார் என் வீட்டு வாசலில்தான் மின்சாரம் குடிக்கிறது. விடிவதற்கு முன் எடுத்துக்கொண்டு போய் அவள் கட்டடத்தின் கீழே நிற்பேன். அவள் இறங்கி வருவாள். மேகப் பலகையைத் தாண்டி வீடு வீடாகப் போவோம். அவள் உள்ளே போய்ப் பெரியவர்களை எழுப்பி உட்கார வைத்துவிட்டு வரும்வரை, வெளியே நான். என் வயதில் உள்ளவர்கள்தான் பெரும்பாலும். ஒரு வீட்டு ஜன்னலில் ஒரு கிழவர் என்னைப் பார்த்துக் கையசைப்பார். என் முறை எப்போது என்று கேட்பது போல எனக்குத் தோன்றும்.

டெரிக் கேட்டார், மணிக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று. ஒன்றுமில்லை என்றேன். இந்த முறை அவர் கெட்டிக்காரன் என்று சொல்லவில்லை. கார்த்தி, இந்த வயதில் எதற்கு, ஒரு டிரைவரை வைத்துக்கொடுக்கிறேன் என்றான். தாய்மாமன் என்றால் என்ன என்று அவனுக்கு விளக்க ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது அது ஏதோ ஓர் அரசாங்கப் பதவி போல இருந்தது. விட்டுவிட்டேன்.

ஓட்ட ஆரம்பித்த முதல் நாளே சுமதியிடம் சொல்லிவிட்டேன். அவள் அந்த மழை நாளைப் போலவே முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மழை இல்லை.

"சாமி, அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னேன் பாரு. தெரியும்."

நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா சொல்லுச்சுங் மாமா" என்றாள். பிறகு, "அடுத்த சந்துல லெஃப்டுங்" என்றாள்.

திருப்பினேன். இறங்கிப் போனாள். வேலையை முடித்துவிட்டு வந்தாள். முன் கதவைத் திறந்து, கையிலிருந்த பையை முன் சீட்டில் வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு, பின் கதவைத் திறந்து பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"பை நனையக் கூடாதுங் மாமா. அதான்" என்றாள்.

அன்று முதல் அவள் பின் சீட்டில்தான். மாமா என்ற மரியாதையில் ஒரு குறையும் இல்லை. பொங்கலுக்குக் காலில் விழுந்து கும்பிட்டாள், மாத்திரை சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். பையைப் பின் சீட்டிலும் வைக்கலாம். நான் அதைச் சொன்னதில்லை. டிரைவர் சொல்லக் கூடாது.